நனைந்த கடலையின் தோல்

"களத்துக் குப்பைக்கும் ஒரு வாய் உண்டு" என்று பெரியப்பா ஏதோ சொல்வார், மறுபாதி மறந்துவிட்டது. வெளிநாட்டு மருந்து ஆலையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய நான், நிலக்கடலையின் சிவப்புத் தோலிலிருந்து உடம்புக்கு நல்ல சத்தைப் பிரித்து விற்கலாமென்று கீரனூர்ப் பக்கம் கொட்டகை போட்டேன். சேமிப்பெல்லாம் அதில்தான் நிற்கிறது. குப்பையை நம்பித் தொழிலில் இறங்கிய சகபாவிகளே, உங்களுக்குப் புரியும்.

தோல் மட்டும் போதும்

கடலை வறுக்கிறவர்களிடம் ஊர் ஊராகப் போய்த் தோல் கேட்டேன். பருப்பை விட்டுவிட்டுத் தோலைக் கேட்பவனை யாரும் பார்த்ததில்லை போலும். விராலிமலையில் ஒரு கடைக்காரர் என்னை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகக் கேட்டார்: "வீட்டுலேர்ந்து யாரும் கூட வரலீங்களா?"

முதல் பொடி

முதலில் இறங்கிய பொடியை மச்சானிடம் நீட்டி, இதயத்துக்கு நல்லது என்றேன். நாக்கில் வைத்தவர் முகத்தைச் சுளித்தார். "ஏன் மாப்ள, கடலையத் தோலோட தின்னா முடிஞ்சு போச்சுல்ல?"

தண்ணீர் தெளிப்பது

எனக்கு அதிகம் தோல் தந்தவர் ராசாத்தியக்கா. கடலையை உடைத்து, வறுத்து, தோல் நீக்கிக் கடைகளுக்குப் போடுகிறவர். உடைக்கும் மெஷினில் கொட்டுமுன் காயில் தண்ணீர் தெளிப்பது இங்கே வழக்கம். அப்போதுதான் பருப்பு முழுசாக வரும். ஈரத்தோடு மூட்டையில் கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். அதன் நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. கெட்ட பருப்பைப் பொறுக்கிவிடுவார்கள். தோலில் நல்லது கெட்டது எல்லாம் ஒரே குவியல்தான்.

என்னிடம் வாங்க இருந்த ஒரே கம்பெனி, சரக்கைச் சோதித்து, அந்த நஞ்சு இருக்கிறதென்று திருப்பி அனுப்பியது. இன்னொரு முறை இப்படி வந்தால் உறவே வேண்டாம் என்றார்கள். தெளிக்காதீங்கக்கா என்று கெஞ்சினேன். "ஒடஞ்ச பருப்ப எந்தக் கடைக்காரன் எடுப்பான்? நீங்க எடுப்பீங்களா தம்பி?"

திரும்பிய வண்டி

அடுத்த லோடு வந்தது. மூட்டையைப் பிரித்ததுமே பூசண வாடை. வேண்டாமென்றேன். அக்கா கோபிக்கவில்லை; லோடு ஆட்டோவைத் திருப்பச் சொன்னார். "கெடக்கட்டும் தம்பி. வீட்டுல ரெண்டு கறவை நிக்குது, அதுக்கு வச்சுக்கிறேன். பேத்திக்கு அந்தப் பாலுதான்."

தின்ற மாட்டின் பாலிலும் அந்த நஞ்சு இறங்கும். வண்டியை மறித்து, மூட்டைகளை நானே வாங்கி எரித்தேன்; இனிமேல் தண்ணீர் தெளிக்க வேண்டாம், அதனால் உடைகிற பருப்பையும் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டேன்.