ஏழாவது எரிச்சல்

கொலு வைத்த வீட்டில் காலை வைத்ததும் ஒரு பாட்டுப் பாடச் சொல்கிறார்கள். சரி, பாடுகிறோம். நாம் வாயைத் திறந்ததும் அவர்களும் ஏன் வாயைத் திறக்கிறார்கள்?

சென்ற வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொலுவின் முன் உட்கார்ந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பெண் வர்ணம் பாடிக்கொண்டிருந்தது. அதன் தலைக்கு மேலே இரண்டு பெண்மணிகள் புடவைக் கரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பாட்டு நின்றதும் பேச்சும் நின்றது. "ரொம்ப நன்னா பாடறது குழந்தை" என்றார்கள். எதைக் கேட்டு?

இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் பட்டியல் தெரியும். கைலாசபுரம் தொழிற்சாலையில், வரைபட அலுவலகத்தில் நான் டிரேஸர். பென்சிலில் போட்ட படத்தின்மேல் டிரேசிங் துணியை விரித்து மையால் கோடு இழுக்கிற வேலை. எதையும் எண் போட்டு எழுதும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. கோடையில் ஒரு வாரம், சங்கீதத்தில் எனக்குள்ள எரிச்சல்களை எண் போட்டு எழுதியிருந்தேன். மறந்தவர்களுக்காகச் சில...

ஒன்று: மிருதங்கக்காரர் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து போகிறவர்கள். இரண்டு: பாட்டு முடிவதற்கு முன்பே முடிந்துவிட்டதாக நினைத்துக் கை தட்டுகிறவர்கள். நான்கு: தொடையில் தப்பாகத் தாளம் போடுவதோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பவர் தொடையிலும் போடுகிறவர்கள். ஐந்து: விடியுமுன் வேப்ப மரத்தில் கட்டப்படும் கல்யாண ஒலிபெருக்கி.

ஏழாவது, பொன்மலைப் பட்டறைச் சங்கு.

ஷிப்டுக்கு ஆள் கூப்பிடுகிற சங்குக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சில வாசகர்கள் கடிதம் போட்டுக் கேட்டிருந்தீர்கள். சம்பந்தம், என் அக்கா.

அக்கா என்னைவிட மூன்று வயது பெரியவள். தங்கை நான் ஜாமெட்ரி பெட்டியோடு வளர்ந்தேன். அவள் சுருதிப் பெட்டியோடு வளர்ந்தாள். ஒரே கூடத்தில் அவள் பாட, நான் வட்டம் போடுவேன். என் பாலிடெக்னிக் பரீட்சைகள் அத்தனையும் அவள் பாட்டுக்குள் படித்ததுதான். நான்கு வருஷம் முன்னால் அவளுக்குக் கல்யாணம் ஆனது. அத்தான் பட்டறையில் ஃபிட்டர். பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸ். நல்ல மனிதர், நல்ல மாமியார், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே எப்போது போனாலும் அக்கா பாடி நான் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் சங்கு. சங்கு ஊதினால் உலை வைக்கிறாள். சங்கு ஊதினால் டிபன் கேரியர். சங்கு ஊதினால் காபி.

"என் அக்காவின் பாட்டை அந்தச் சங்கு விழுங்கிவிட்டது" என்று எழுதினேன். நன்றாக எழுதிவிட்டதாக நினைப்பு வேறு!

எங்கள் வீடு அவள் போனதிலிருந்து நிசப்தமாக இருக்கிறது என்று சொன்னால் அது பொய். அம்மா இருக்கிறாள், பால்காரர் வருகிறார், தெருவில் சுவாமி புறப்பாடு வருகிறது. ஆனாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு, தொழிற்சாலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, காது தானாக ஒன்றைத் தேடுகிறது. நான்கு வருஷமாகத் தேடுகிறது. அதற்கு அறிவு கிடையாது.

போன இரண்டு கொலுவிலும் அக்காவைப் பாடச் சொன்னபோது தொண்டை சரியில்லை என்றாள். மூன்றாவது முறையும் அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அவள் பாடப்போவதே இல்லை என்று எனக்குத் தோன்றியது. ஆகவே, இந்த வருஷம் எப்படியாவது பாடவைத்துவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்தால் என்ன செய்வேன்? பட்டியல் போட்டேன்.

பரண்மேல் இருந்த சுருதிப் பெட்டியை இறக்கினேன். துருத்தித் தோலில் இருந்த கிழிசலை ஒட்டினேன். பித்தளை நாக்குகளில் படிந்த தூசியை ஊதித் துடைத்தேன். ஒரு குமிழுக்குப் பக்கத்தில் அக்கா பள்ளிக்கூட நாளில் பென்சிலால் எழுதிய "5½" அப்படியே இருந்தது. ஐந்தரைக் கட்டை. அவள் சுருதி. அந்தக் குமிழை இழுத்து வைத்துத் தயாராக இருந்தேன். ஒன்றுகூட விடுபடவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா வந்தாள். புடவைக் கரைப் பெண்மணிகள் போய், வேறு சிலர் வந்திருந்தார்கள். எதிர் வீட்டு மாமி, "பாடேம்மா, உன் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாச்சு" என்றாள். அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் பெட்டியை எடுத்துவந்து துருத்தியை அமுக்க ஆரம்பித்துவிட்டேன். சுருதி வந்துவிட்டது. இனி எப்படித் தப்பிப்பாள்?

என்னை ஒரு பார்வை பார்த்தாள். உட்கார்ந்தாள்.

கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனை. முதல் வரி சரியாக இருந்தது. இரண்டாவது முறை பாடும்போது மேலே போக வேண்டும். போனாள். குரல் அங்கே எட்டவில்லை, விரிசல் விட்டது. நிறுத்திவிட்டாள்.

"போறும்மா, சிரமப்படாதே" என்றாள் மாமி அன்பாக. "கல்யாணம் காட்சின்னு ஆயிட்டா குரலும் இறங்கத்தானே செய்யும்."

அம்மா அவசரமாகச் சுண்டல் தட்டை எடுத்தாள்.

எனக்கு அந்த நிமிஷம் என்ன தப்புச் செய்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஆபீசில் மன்னிக்கவே முடியாத குற்றம் ஒன்று உண்டு. ஒரு படத்தில் அளவு மாறினால், டிரேசிங்கில் திருத்தி, ஓரத்தில் அ, ஆ என்று அடுத்த எழுத்தைப் போட்டுத் தேதி எழுத வேண்டும். அதோடு கீழே தொழிற்கூடத்தில் இருக்கிற பழைய பிரிண்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும். வாங்க மறந்தால் யாராவது பழைய அளவுக்கே கடைந்துவிடுவார்கள். பொருத்திப் பார்த்தால் சேராது. அப்போது யாரும் இரும்பைத் திட்ட மாட்டார்கள். பிரிண்டைக் கொடுத்தது யார் என்றுதான் கேட்பார்கள்.

நான்தான் கொடுத்தேன். நான்கு வருஷத்துக்கு முந்தைய அக்காவின் அளவை.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கம் குனிந்து, ஃபிட்டர் ஸ்பானர் நம்பர் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்:

"அஞ்சரை வேணாம்டி. நாலரை வை."

மாற்றினேன். பாடினாள்.

பழைய குரல் இல்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். பழைய குரல் வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கும். இது கனமாக, கொஞ்சம் கரகரப்பாக, அவசரமே இல்லாமல் இருந்தது. ஆனால் சுருதியில் போய் உட்கார்ந்த விதம்... நான்கு வருஷம் பாடாதவளுக்கு அது எப்படி வரும்?

பல்லவி முடிந்தது. நிறுத்தினாள். அனுபல்லவி வரவில்லை. கண்ணை மூடியபடி உட்கார்ந்திருந்தாள். ஒருத்தி கை தட்டினாள். மாமி எழுந்திருக்கக் கையை ஊன்றினாள். என் பட்டியலில் இரண்டாம் எண்.

"மாமி, இன்னும் முடியலை, உட்காருங்க" என்றேன்.

அக்கா கண்ணைத் திறந்து, ஏதோ மறந்துபோய் நினைவு வந்தவள் மாதிரிச் சிரித்துவிட்டு, அனுபல்லவியை எடுத்தாள். அதற்கப்புறமும் ஒரு நிறுத்தம். பிறகு சரணம். பழக்கம் விட்டுப்போயிருக்கிறது, வரிகள் மறந்திருக்கின்றன என்று நானாக முடிவுகட்டிக்கொண்டேன். ஒன்று சொல்ல வேண்டும். இந்த முறை புடவைக் கரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அவளைப் பஸ் ஏற்றக் கூடவே நடந்தேன். வழியில் கேட்டேன்.

"நாலரைன்னு எப்படிக்கா டக்குன்னு சொன்னே?"

"சங்கு அதுலதான்டி ஊதுது."

எனக்குப் புரியவில்லை. கூடைக்குள் இருந்த சுண்டல் பொட்டலத்தைச் சரிசெய்துகொண்டே அவள் சொன்னது இவ்வளவுதான். குவார்ட்டர்ஸில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரே சுவர். கல்யாணமான புதிதில் அரிசி களைந்தபடி பாடியிருக்கிறாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன, இன்னிக்கு ஏதாவது விசேஷமா?" என்று ஒரு குரல். கேலிகூட இல்லை, சாதாரணமாகக் கேட்டதுதான். மாமியார் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அக்காவுக்குக் கூசிப்போய்விட்டது. வீட்டில் ஒரு பெண் பாடினால் காரணம் வேண்டும் போலிருக்கிறது! அதற்கப்புறம் ஒரு நாள் சங்கு ஊதும்போது தெரியாமல் வாய் முணுமுணுத்திருக்கிறது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை.

"சங்கு எடுத்தவுடனே ஏறும். அப்ப காத்திருப்பேன். ஏறி ஒரு இடத்துல நிக்கும் பாரு, அங்க பிடிச்சுப்பேன். திரும்ப இறங்கறதுக்குள்ள பல்லவி முடிஞ்சுடும். அனுபல்லவி மத்தியானச் சங்குக்கு. சரணம் சாயங்காலம். உங்க அத்தான் சைக்கிள் வந்து நிக்கறதுக்கு முன்னாடி ஒரு கீர்த்தனை முடிஞ்சுடும்."

"நீ பாடறது உனக்கே கேக்காதேக்கா."

"கேக்காதுதான். தொண்டைக்குத் தெரியுமில்ல?"

பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சுருதிப் பெட்டியைப் பொன்மலைக்கே எடுத்துப்போகச் சொன்னேன். வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"அங்க வெச்சா எல்லாருக்கும் கேக்கும்டி. இங்கேயே இருக்கட்டும், வந்து பாடறேன். அந்த அஞ்சரையை மட்டும் அழிச்சுடாதே."

பஸ் வந்தது. படியில் ஏறி நின்று திரும்பினாள். "நீ எழுதியிருந்தியே, சங்கு என் பாட்டை முழுங்கிடுச்சுன்னு... படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்தே."

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தேன். எங்கள் ஆபீசில் பழைய அளவை ரப்பர் போட்டு அழிக்க மாட்டோம். பக்கத்தில் புது அளவை எழுதித் தேதி போடுவோம். "5½" இருக்கட்டும். அதன் கீழே "4½" என்று எழுதி வெள்ளிக்கிழமைத் தேதியைப் போட்டேன். பென்சிலில்தான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டு அக்காவுக்குக் கார்டு போட்டேன். "எழுதிக்கோ. எந்த லைன், எத்தனாம் நம்பர் வீடுன்னு மட்டும் போடாதே" என்று பதில் வந்தது. பொன்மலை வாசகர்களே, தேடாதீர்கள்.

நேற்றுக் காலை தொழிற்சாலைக்குப் போகும்போது, பஸ் பொன்மலையைத் தாண்டுகிற நேரத்தில் சங்கு எடுத்தது. ஏறியது. நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். முக்கால் நிமிஷம். எத்தனை உன்னிப்பாகக் கேட்டாலும் சங்கு மட்டும்தான் கேட்டது. இறங்கும்போது, பல்லவி முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என் பக்கத்து சீட்டு அம்மாள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சனியன்" என்றாள்.

ஏழாவது எரிச்சலை நேற்றே கோடு போட்டு அடித்துவிட்டேன். எண்ணைக் காலியாக விடுவது எங்கள் ஆபீசில் வழக்கமில்லை — சங்கு ஊதும்போது காதைப் பொத்திக்கொள்கிறவர்களை அந்த இடத்தில் போட்டிருக்கிறேன்.