பச்சைப் பொத்தான் அசையவில்லை

என் கைப்பேசி உடைந்துபோனதால், மலேசியாவின் ஈப்போ நகரில் ஒரு கடையில், பழையதைப் புதுப்பித்து விற்கும் கைப்பேசி ஒன்றை வாங்கினேன். திரையில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.

"புதுசு மாதிரிதான் இருக்கு லா, பயப்படாதீங்க அக்கா," என்றார் கடைக்காரர். சிம்மைப் போட்டுக்கொண்டு குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

என் தம்பி நெஞ்சுவலியோடு பத்து காஜா ஊர் மருத்துவமனையில் இருந்தான். அன்று மதியம் அவன் மனைவி அழைத்தாள். பச்சைப் பொத்தானை எத்தனை முறை தள்ளியும் அசையவில்லை. திரையின் அடிப்பகுதி என் விரலையே உணரவில்லை. மூன்று முறை அழைப்பு வந்து, அடித்து ஓய்ந்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடி, அவர்கள் கைப்பேசியில் அவளைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, அவருதான் உங்ககிட்ட பேசணும்னு கேட்டாரு. இப்பதான் அவசர சிகிச்சைக்கு உள்ள கொண்டு போயிட்டாங்க," என்று அழுதாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தம்பி உயிரோடு இல்லை. என்ன சொல்ல நினைத்தான் என்று அவளுக்கும் தெரியவில்லை.

இப்போது உறவில் யார் பழைய கைப்பேசி வாங்கினாலும் நானும் உடன் போகிறேன். ஓர் ஐகானைப் பிடித்துத் திரை முழுக்க, ஓரம்வரை இழுத்துப் பார்க்கிறேன். பிறகு கடையிலேயே நின்று என் கைப்பேசியிலிருந்து அதற்கு அழைக்கிறேன். அவர்கள் எடுத்து, "சொல்லுங்க அக்கா," என்ற பிறகுதான் வாங்க விடுகிறேன்.