அனுமதியின்றி இறங்கியவர்

ஊர் முழுக்க அவரைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டது. அவர் கேப்டனே கிடையாது. கடற்படையில் பதினாறு வருஷம் இன்ஜின் அறையில் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்து, அந்தப் பதவிக்கு இரண்டு படி கீழேயே வேலையை விட்டு வந்தவர். யாரையும் திருத்தவும் மாட்டார். சும்மா வருகிற பட்டம் யாருக்குத்தான் கசக்கும்?

வெளியே வந்ததும் கப்பல் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். கப்பலின் அடிவயிற்றில் எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இருட்டுத் தொட்டிகள் உண்டு. உடம்பைக் குறுக்கினால்தான் நுழைய முடிகிற துளை வழியே இறங்கி, துருவைச் சுரண்டி, சேற்றை வாரி வெளியே கொண்டுவர வேண்டும். நாய் படாத பாடு. அதில் அவருக்கு வலது கையாக இருந்தவர் மேஸ்திரி. கடற்படையில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அவர் விலகிய சில மாதங்களில் தானும் விலகி, பெட்டியோடு வாசலில் வந்து நின்றவர். பழைய பழக்கம் மட்டும் போகவே இல்லை. கேப்டன் எதைச் சொன்னாலும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்வார். "கதவைச் சாத்துய்யா" என்றால் "சாத்துறேன் சார்" என்பார். மற்ற ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கம்பெனியில் ஒரு விதி இருந்தது. கேப்டனே போட்டது, கொட்டகைச் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியும் வைத்திருந்தார். மூடிக் கிடந்த தொட்டியைத் திறந்தால், மீட்டர் வைத்துக் காற்றைச் சோதிக்காமல் ஒருவரும் இறங்கக் கூடாது. ஈரத் துரு, காற்றில் உள்ள பிராணவாயுவைத் தின்றுவிடும். வாடை இருக்காது, இருமல்கூட வராது. இரண்டு மூச்சு இழுத்தால் ஆள் காலி.

ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கப்பலின் தொட்டியைச் சோதித்தார்கள். அப்புறம் விடாத மழை. மூடியை இறுக்கி மூடிவிட்டார்கள். திங்கட்கிழமை மதியம்தான் மழை விட்டது. சாயங்காலம் கப்பல் கிளம்ப வேண்டும். மீட்டரோ துறைமுகத்தின் அந்தக் கோடியில் வேறு கப்பலில் இருந்தது. வந்து சேர ஒன்றரை மணி நேரமாகும். கப்பல்காரர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து உயிரை எடுத்தார்கள். கேப்டனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"வெள்ளிக்கிழமைதானேய்யா பாத்தோம்? அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது? இறங்கு."

வேறு யாராக இருந்தாலும் "மீட்டர் வரட்டும் சார்" என்றிருப்பான். மேஸ்திரி ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"இறங்குறேன் சார்."

தொட்டி ஏணியின் ஏழாவது படியில் கை பிடியை விட்டுவிட்டது.

தளத்தின் மறுபக்கத்தில் இருந்த ஆட்கள் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். ஒருவன் துளைக்குள் காலை விட்டேவிட்டான். கேப்டன் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளினார். காப்பாற்றப் போகிறவனும் சாவான். அந்த முடிவில் குறை சொல்ல முடியாது. மூச்சுக் கவசம் வந்து சேர நாற்பது நிமிஷம். அவ்வளவு நேரமும் துளையோரம் குப்புறப் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். கீழே மஞ்சள் தொப்பி தெரிந்தது. அசையவே இல்லை. பாவி மனுஷன்!

விசாரணையில் அதிகாரி கேட்டது ஒரே கேள்வி, இறங்கச் சொன்னது யார் என்று. கேப்டன் சொன்னதும் ஒரே பதில்: "நான் சொல்லல. அவராத்தான் இறங்கிட்டார்." மறுத்துச் சொல்லக்கூடிய ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டார். அறிக்கையில் 'அனுமதியின்றி இறங்கியவர்' என்று ஏறியது.

அதற்குப் பிறகு கம்பெனி எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. கேப்டன் அள்ளிக் கொடுக்க ஆரம்பித்தார். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், விபத்தில் கை கால் போனவர்களுக்கு வீடு. மேஸ்திரியின் மகளைத் தன் மகள் மாதிரி படிக்கவைத்தார். கடைசியாக நுரையீரல் நோய்க்கென்று ஒரு ஆஸ்பத்திரி கட்டி, அதற்கு மேஸ்திரி பெயரையே வைத்தார். ஊர் மெச்சியது. அவருக்கு மட்டும் ஒரு கவளம் நிம்மதியாகத் தொண்டையில் இறங்கியதில்லை.

ஆஸ்பத்திரித் திறப்புக்கு ஒரு வாரம் முன்னால் மேஸ்திரியின் மனைவியும் மகளும் அவர் வீட்டுக்கு வந்தார்கள். மகளுக்குத் துறைமுகத்தில் பாதுகாப்பு அதிகாரி வேலை. பயிற்சி வகுப்பில் அவளை உட்காரவைத்துக்கொண்டே அந்த விபத்தைப் பாடமாக நடத்தியிருக்கிறார்கள்.

"எங்கப்பாவை முட்டாள்னு சொல்லிச் சிரிச்சாங்க," என்றாள்.

கேப்டன் அவள் அம்மாவைப் பார்த்தார். "தங்கச்சி..."

"பதினாலு வருஷம் அவரோட குடித்தனம் நடத்தினவ நான். நீங்க சொல்லாம அவர் செருப்பைக்கூட மாத்த மாட்டார். அவரா இறங்கியிருப்பார்? எனக்கு அன்னைக்கே தெரியும், சார்."

இத்தனை வருஷமும் அண்ணே என்றுதான் கூப்பிட்டவள்.

"அப்புறம் ஏம்மா நீ வாயே திறக்கல?"

"பொண்ணு அப்ப ஆறாங்கிளாஸ். நான் வாயைத் திறந்திருந்தா அவ படிப்பு என்ன ஆகியிருக்கும்? இப்ப அவ சொந்தக் கால்ல நிக்கிறா. அவர் பேரைத் திருப்பிக் குடுங்க."

திறப்பு விழா மேடையில் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். சும்மா சொல்லக் கூடாது, சொல்லவும் செய்தார். மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அவர் சாவுக்கு நான்தான் காரணம்" என்றார். கூட்டத்தில் கைத்தட்டல், அப்படி ஒரு கைத்தட்டல்! எவ்வளவு பெரிய மனசு, வேலைக்காரர் செய்த தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாரே என்று முன்வரிசையில் கண்ணைத் துடைத்தார்கள். "ஐயோ, கை தட்டாதீங்க!" என்று கத்தினார். இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் தாயும் மகளும் டாக்டர் அறையில் அவரைப் பிடித்தார்கள்.

"நீங்க உண்மையைச் சொன்னாலும் உங்களுக்குத்தான் பேரு," என்றாள் தாய். "தாள்ல எழுதிக் குடுங்க சார்."

"வக்கீலை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அன்னைக்கு என் வீட்டுக்காரர் யாரைக் கேட்டார்?"

கேப்டன் மேஜையில் இருந்த தாளை இழுத்து, இறங்கச் சொன்னது தான்தான் என்று எழுதினார். மகள் நின்றபடியே படித்தாள்.

"'தவறுதலாக'ன்னு எழுதியிருக்கீங்க. அதை அடிச்சிடுங்க. மீட்டர் இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

அடித்தார். பக்கத்தில் கையெழுத்தும் போட்டார்.

"நாளைக்கே துறைமுக ஆபீஸ்ல குடுத்துடுவேன். போலீஸ் வரும்."

"வரட்டும்மா."

அவர்கள் கிளம்பும்போது அவருக்குத் தாங்கவில்லை. வயசுக்குப் பொருந்தாமல் சின்னப் பிள்ளை மாதிரி அழுதுவிட்டார். "என்னை மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ, தங்கச்சி."

அவள் கதவருகே நின்று திரும்பினாள். அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது.

"அதை நான் எப்படி சார் சொல்லுவேன்? செத்தது நானா?"