உமிச்சாம்பல் தூவிய முச்சந்தி

தெற்குவாசல் பக்கம் ஒரு முச்சந்தியில் எனக்கு டிரங்குப் பெட்டிக் கடை. எதிர்க்கடை என் அக்காளைக் கட்டிய மச்சானுடையது. யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், நகராட்சி இன்ஜினியர் ஒருவர் காலையில் ஆட்களோடு வந்து முச்சந்தி முழுக்க உமிச்சாம்பலைத் தூவச் சொன்னார். பிறகு அவரே மச்சானுடைய கடை மாடியில் ஏறி நின்றுகொண்டு, கீழே பார்த்துப் பார்த்து நோட்டில் ஏதோ வரைந்தார். மூன்று நாள் இப்படியே.

"அளக்க வாரவன் நல்லதுக்கா வாரான்? ரோட்டை அகலமாக்க நம்ம கடையை இடிக்கப் போறான், மாப்ள," என்றார் மச்சான்.

எனக்கும் அதே எண்ணம்தான். நேரே போய்க் கேட்டேன்.

"சார், கடையில எம்புட்டு அடி எடுப்பீங்க?"

"ஒரு அடிகூட இல்லைங்க. ரோட்டைத்தான் குறுக்கப் போறேன்."

அதைக் கேட்ட பிறகுதான் பயம் கூடியது. எந்த ஊரில் எவன் ரோட்டைக் குறுக்கினான்?

நாலாம் நாள் என் கடை மூலையில் கருங்கற்களை வளைவாக அடுக்கினார்கள். இடிக்கப்போகும் எல்லைக்கு அடையாளம் அது என்று மச்சான் அடித்துச் சொன்னார். மறுநாள் விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்பும்போது, இருவருமாகக் கற்களைப் புரட்டிச் சாக்கடையோரம் தள்ளினோம்.

இன்ஜினியர் வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. மறுபடி சாம்பல் தூவச் சொல்லிவிட்டு, சற்று நேரம் கழித்து என்னை மாடிக்குக் கூப்பிட்டார். சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கட்டு ஏற்றி வந்த மாட்டுவண்டிகளும் ஜட்காக்களும் திரும்பிய தடம் கீழே தெளிவாகத் தெரிந்தது. என் கடை மூலையில் மட்டும் சாம்பல் கலையாமல் கிடந்தது.

"சக்கரமே படாத இடம். வண்டிக்கு அது வேண்டாம். நடக்கிறவங்க நிக்கக் கொடுத்துட்டா, திருப்பத்துல வண்டி தானா மெதுவாப் போகும்," என்றவர், "கல்லைப் புரட்டினது யாருன்னு தெரியுமா?" என்றார்.

"தெரியாது, சார்."

கல்லில் நசுங்கிய என் விரல் நகம் கறுத்திருந்தது. அதைப் பார்த்தார், மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குத்தான் முகம் சுருங்கிப் போயிற்று.

கற்கள் திரும்ப வந்தன. இந்த முறை சுண்ணாம்புச் சாந்து வைத்துப் பதித்து, உள்ளே மண் நிரப்பி மேடையாக்கினார்கள். அந்தத் திருப்பத்தில் ஜட்காக்காரர்கள் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தார்கள். கூடைக்காரப் பெண்கள் மேடையில் நின்று, பார்த்துக் கடந்தார்கள். கடையை யாரும் தொடவில்லை.

மறுவருஷம் இன்ஜினியர் மாற்றலாகிப் போனார்.

"ஆளு போனா என்ன? வரைஞ்ச நோட்டு ஆபீஸ்லதான இருக்கு, அடுத்து வாரவன் இடிப்பான்," என்றார் மச்சான்.

எனக்கும் அது சரியென்றே பட்டது. கடைக் கதவு இற்றுப்போயிருந்தும், இரண்டு வருஷம் புதுக் கதவு போடாமலே இருந்தேன்.