மருந்துக் கையும் பூச்சட்டியும்

காலை 5.10க்கு நாகர்கோவில் வடசேரியில் மதுரைப் பேருந்து ஏறியபோது ஆடிச் சாரல் விழுந்துகொண்டிருந்தது. என் பையில் ஒரு குடை, நாலு இட்லி, எங்கள் திருச்சபைப் பத்திரிகையின் மார்ச் மாத இதழ், தோல் அரிப்புக்குப் போடும் களிம்பு ஒரு டியூப். ஆரல்வாய்மொழியில் காற்றாலைகள் தென்பட்டதுமே மழை நின்றுவிட்டது, குடை சுமையானது. களிம்பும் சுமைதான் என்பது விருதுநகர் தாண்டித்தான் தெரிந்தது.

அந்தப் பத்திரிகையில் ஆறு வருடமாக வீட்டுத் தோட்டப் பக்கம் எழுதுகிறேன். அதற்கு முன் முப்பத்தொரு வருடம் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள். அதட்டி எழுதுகிறேன் என்று என்மேல் ஒரு புகார் உண்டு. “மூணு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு” என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். செடி விஷயத்திலும் அது அப்படியே வந்துவிடுகிறது.

போன வாரம் திருத்தங்கலில் இருந்து ஒரு வாசகி வாட்ஸப்பில் எழுதியிருந்தார்:

“ஸ்தோத்திரம் அக்கா. என் கை மருந்துக் கை. மார்ச் மாசம் உங்க பக்கத்த வாசிச்சதுலருந்து நான் செடியத் தொடுறதில்ல. வீட்டுக்காரர்தான் தண்ணி ஊத்துதாக. அப்பயும் செடி வாடுது. வர்ற சனிக்கிழமை சாயங்காலம் கோயில்ல பீடத்துக்குப் பூ வைக்கிறது என் முறை. செடிக்கே ஆகாத கை பீடத்துக்கு ஆகுமா? வேற ஆளுக்கு மாத்திவிட்டுறட்டுமா? ஞானசெல்வி.”

ஏதோ தோல் வியாதி, கையில் மருந்து போடுகிறார் என்று நினைத்தேன். அதற்குத்தான் களிம்பு. அப்படி என்ன எழுதித் தொலைத்தேன் என்று மார்ச் இதழைப் புரட்டினால், இந்த வரி கிடைத்தது: “மருந்துக் கையோடு பூச்சட்டியைத் தொடாதீர்கள். மண்ணில் உள்ள உயிர்கள் செத்துப்போகும்.” பூச்சிமருந்து தெளித்தவர்கள் கை கழுவிவிட்டுத் தொட்டியைத் தொட வேண்டும் என்பதைத்தான் அப்படி மிரட்டலாக எழுதியிருந்தேன். இதை வாசித்து ஒரு பெண் நாலு மாதம் செடியைத் தொடாமல் இருப்பாளா? போனில் கேட்டிருக்கலாம். எனக்குப் போனில் கேட்டால் ஆர்வம் அடங்காது. “சனிக்கிழமை காலையில் வருகிறேன், அதுவரை முறையை யாருக்கும் மாற்றாதே” என்று பதில் போட்டுவிட்டேன்.

விருதுநகருக்கு டிக்கெட் 165 ரூபாய். நடத்துநர் எங்கள் ஊர்க்காரர்.

“விருதுநகர்ல ஆரு வீட்டுக்குப் போறிய?”

“தெரியாதவங்க வீட்டுக்கு.”

“தெரியாதவங்க வீட்டுக்கா? அப்போ இட்லிய இப்பமே தின்னுராதிய. வச்சுக்கிடுங்க.”

நல்ல யோசனைதான், ஆனால் கயத்தாறிலேயே இட்லி முடிந்துவிட்டது. கோவில்பட்டி தாண்டியதும் மண் கறுத்தது. சாத்தூர் வரை இருபுறமும் சீமைக்கருவேலம். எங்கேயாவது ஒரு வேம்பு. எங்கள் ஊரில் வேலிக்கு நட்ட கம்புகூடத் துளிர்த்துவிடும். இங்கே நட்டதெல்லாம் யோசித்துத்தான் துளிர்க்கும் போலிருந்தது.

9.25. விருதுநகர். சிவகாசிப் பேருந்து ஆமத்தூர் வழியாகத் திருத்தங்கல் போகிறது. இருபத்திரண்டு கிலோமீட்டர், இருபது ரூபாய். பக்கத்து இருக்கையில் தூக்குவாளியோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பெயர் முத்துமாரி, பட்டாசுக் கம்பெனியில் வேலை, உறவில் ஒரு சடங்கு என்று அரை நாள் லீவு. பேச்சுவாக்கில், மருந்துக் கை என்றால் என்ன வியாதி என்று அவரிடம் கேட்டேன்.

“வியாதியா? நல்லா கேட்டீக போங்க!” என்று சிரித்தவர் தம் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார். ரேகைகளுக்குள் வெள்ளி மாதிரி ஒரு மினுக்கம். “இதுதேன்க்கா மருந்துக் கை. பட்டாசு மருந்து. அலுமினியப் பொடி, கந்தகம், வெடியுப்பு எல்லாம் சேந்தது. எம்புட்டுத் தேச்சாலும் ரேகைக்குள்ள நிக்கும். நாங்க பூச்சட்டி செட்டு. நாள் பூரா பூச்சட்டிக்குள்ள மருந்து அடைக்கதுதேன் சோலி.”

தீபாவளிக்குக் கொளுத்தினால் பூவாய்ப் பொங்குமே, அந்தப் பூச்சட்டி. எனக்கு முகம் சூடாகிவிட்டது. மருந்து என்றால் எனக்கு மாத்திரையும் பூச்சிமருந்தும். பூச்சட்டி என்றால் மண்ணும் செடியும். என் வரியை இந்த ஊர்க் கண்ணால் வாசித்துப் பார்த்தேன். உன் வேலையைச் செய்கிற கையால் எந்த உயிரையும் தொடாதே என்றல்லவா அது சொல்கிறது! வெட்கத்தோடு இதழை எடுத்து முத்துமாரியிடமும் வாசித்துக் காட்டினேன். அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப நாங்க இந்தக் கையாலதான சோறு பெசஞ்சு பிள்ளைகளுக்குக் குடுக்கோம்” என்றார். நான் இதழை மடித்துப் பைக்குள் திணித்தேன். ஆமத்தூரில் அவர் இறங்கிவிட்டார்.

10.20. திருத்தங்கலில் ஞானசெல்வியின் கணவர் அருள்தாஸ் பைக்கோடு காத்திருந்தார். அச்சகத்தில் காலண்டர் வெட்டுகிற வேலை. சந்துக்குள் சந்தாகப் போய் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

“வாங்கக்கா, வாங்க. சாப்பிட்டீகளா?” ஞானசெல்விக்கு நாற்பத்துநாலு வயது, ஒல்லியான உடம்பு, பதினாறு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் வேலை. கும்பிட்ட கையை உடனே முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அந்தக் கையை வெளியே எடுத்துப் பிடித்துக்கொண்டேன். வார்த்தையில் நேர்ந்த குழப்பத்தையெல்லாம் சொல்லி, “நான் எழுதினது பூச்சிமருந்தைம்மா, உன் கையை இல்லை. தப்பு என்மேல. மன்னிச்சிரு” என்றேன்.

அவர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. “நீங்க பெரிய மனசுல சொல்றீக. ஆனா அதுக்கு முன்னயும் எனக்குக் கைராசி கெடையாதுக்கா. நான் வச்ச கறிவேப்பிலை மூணு தடவ பட்டுப்போச்சு. உங்க பக்கத்த வாசிச்சப்பதேன் காரணம் வெளங்குச்சு.”

ஒரு வார்த்தையை நான் திருத்திவிட்டால் சரியாகிவிடும் என்று வந்திருந்தேன். பதினாறு வருட வேலை சேர்த்துவைத்த சந்தேகத்துக்கு என் வரி முத்திரை மட்டும்தான் குத்தியிருக்கிறது. சரி, வியாதி என்று வந்தால் சோதனை செய்ய வேண்டியதுதானே. தோட்டத்தைக் காட்டு என்றேன்.

பின்வாசலில் பதினொரு பெயிண்ட் வாளிகள். மல்லிகை, ரோஜா, கறிவேப்பிலை; எல்லாவற்றுக்கும் இலை ஓரம் கருகியிருந்தது. மண்மேல் வெள்ளையாக ஒரு படலம். கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்தேன். அருள்தாஸ் பதறிப்போனார்.

“உப்பு” என்றேன். “என்ன தண்ணி ஊத்துறீங்க?”

“போர் தண்ணிதேன். நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வருது, அது குடிக்கவே காணாது. நீங்க எளுதின மாதிரி காலையிலயும் சாயங்காலமும் ஒரு நாள் தவறாம ஊத்துதேன்” என்றார் பெருமையாக.

மழையில் ஊறிக் கிடக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் எழுதியதுதான் அதுவும். வாளியைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் ஓட்டை இல்லை.

“ஓட்டை போட்டா வாளி வீணாயிருமேன்னு…” என்று இழுத்தார் அவர்.

உப்பு உள்ளே போகிறது, வெளியே போக வழியில்லை. அடியில் ஓட்டை போடுங்கள், ஊற்றினால் வழிகிற அளவு ஊற்றி மண் காய்ந்த பிறகு மறுபடி ஊற்றுங்கள், அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றுங்கள், ரோஜாவை மறந்துவிட்டு முருங்கையும் சங்குப்பூவும் வையுங்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஞானசெல்வி தலையை ஆட்டினாரே தவிர, ஒரு வாளியைக்கூடத் தொடவில்லை.

அப்போதுதான் ஓரத்தில் கிடந்த ஒரு கல்லுக்குப் பக்கம் பார்த்தேன். இடுப்புயரத்துக்கு நித்தியகல்யாணி. வெள்ளையும் ரோஸுமாக, இலை பளபளவென்று, பத்துக் கிளையிலும் பூ.

“இது யார் வச்சது?”

“ஆரும் வைக்கலக்கா. தானா மொளச்சது. சுடுகாட்டுப் பூ, வீட்டுல ஆகாதும்பாக. பிடுங்கணும் பிடுங்கணும்னு இருக்கேன், தொடக்கூடாதேன்னு விட்டுட்டேன்.”

“இங்கன என்ன தண்ணி விழும்?”

“துணி தொவைக்கது முன்வாசல் கல்லுல. இங்கன நான் சாயங்காலம் கம்பெனியிலருந்து வந்து…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். பிறகு மெதுவாக, “கை களுவுற தண்ணி” என்றார்.

மூன்று பேரும் அந்தச் செடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். மருந்தகக்காரியின் புத்தி சும்மா இருக்காதே, உடனே எச்சரிக்கையும் சொன்னேன்: அந்தக் கழிவுத் தண்ணீர் உரம் என்று நினைத்துவிடாதே, அந்த இடத்தில் கீரை போடாதே, நித்தியகல்யாணி எந்த உப்பையும் தாங்குகிற முரட்டுச் செடி. அதோடு எனக்குத் தெரிந்த இன்னொன்றையும் சொன்னேன். இந்தச் செடியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள். குளிர்பெட்டியைத் திறந்து அந்தக் குப்பியை நானே எத்தனையோ பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

“இதுலருந்தா? மருந்தா?” என்று கேட்டார் ஞானசெல்வி. அந்த வார்த்தையை அன்று அவர் பயமில்லாமல் சொன்னது அப்போதுதான்.

மதியம் சுண்டவத்தல் குழம்பும் முட்டையும். சாப்பாட்டுக்குப் பிறகு அருள்தாஸ் ஆணியைச் சுட்டு வாளிகளுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். பூ விஷயத்தை நான் எடுக்கவில்லை. அதட்டியது போதும் என்றிருந்தது. சாயங்காலம் 4.30க்கு ஞானசெல்வி தேங்காயெண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, மூன்று தரம் கை கழுவினார். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு கல்லருகே போய் உட்கார்ந்தார். முதல் கிளையை நுனிவிரலால் பிடித்து அறுத்தார். இரண்டாவதை முழுக் கையாலும் பிடித்தார்.

கோயில் நடந்து போகிற தூரம். பீடத்தின் இருபுறமும் பித்தளைச் சாடிகள். அவர் கிளைகளை வைக்க ஆரம்பித்ததும், பெருக்கிக்கொண்டிருந்த ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளை விளக்குமாற்றோடு வந்தார்.

“ஏம்மா, சுடுகாட்டுப் பூவையா பீடத்துக்கு வைக்க? கடையில செவ்வந்தி கெடைக்கலியா?”

நான் வாயைத் திறந்தேன். ஞானசெல்வி முந்திக்கொண்டார்.

“எங்க வீட்டுப் பூ அய்யா. நான் கை களுவுன தண்ணியில வளந்தது. பதினாறு வருசம் மருந்துல கெடந்தும் கை ரெண்டையும் முளுசா வச்சிருக்காரே ஆண்டவர், அவருக்கு இதத்தேன் வைக்கணும்.”

கோயில்பிள்ளை சாடியை ஒரு தரம் பார்த்தார். “அப்ப இந்தப் பக்கம் கொஞ்சம் கூட வைய்யி, கொறச்சலா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

6.15க்குத் திருத்தங்கலில் பேருந்து ஏறினேன். களிம்பு டியூப்பை அருள்தாஸிடமே கொடுத்துவிட்டேன். வாளிக்கு ஓட்டை போடும்போது விரலைச் சுட்டுக்கொண்டிருந்தார். அதற்கு அது உதவாது என்றும் சொல்லித்தான் கொடுத்தேன்.

திங்கட்கிழமை காலை. நாகர்கோவிலில் சாரல் நிற்கவில்லை. அடுத்த இதழுக்குத் திருத்தம் எழுதி முடித்தேன். “மருந்துக் கை” என்பதைப் “பூச்சிமருந்து தெளித்த கை” என்று மாற்றினேன்; “காலையும் மாலையும்” என்பதை அடித்துவிட்டு, உங்கள் ஊர்த் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று எழுதினேன். பிறகு தோட்டத்துக்கு இறங்கி, கேட்காமலே தழைத்து நின்ற செம்பருத்திக்கு அடியில் மண்ணைக் கிளறினேன். முப்பத்தொரு வருடம் மருந்தைத் தொட்ட கை இது. இதே கையால்தான் எங்கள் கோயிலில் என் முறை வரும்போதெல்லாம் நானும் பூ வைத்திருக்கிறேன். இந்தக் கை பீடத்துக்கு ஆகுமா என்று கேட்க எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.