கோவிந்தன் வண்டிக்கு வேறு என்ஜின் போட்ட கதை

1. குட்டியானையில் வந்த வண்டி

ஆலங்காயத்தில் முப்பத்தொரு வருஷம் மெக்கானிக் கடை வைத்திருந்தேன். முட்டி தேய்ந்து, உட்கார்ந்தால் எழ முடியாமல் போன பிறகு ஷட்டரை இழுத்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். இப்போது வேலை கற்கும் பிள்ளைகள் போனில் வீடியோ பார்த்தே என்ஜின் இறக்குகிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் தான் கெடுத்த வேலையை யாரும் வீடியோ எடுத்துப் போடுவதில்லை. அதனால் நான் கெடுத்த வேலை ஒன்றை எழுதுகிறேன்.

கடையை மூடுவதற்கு இரண்டு வருஷம் முன்னால், ஆவணி மாதம். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் ஒரு பைக்கைப் படுக்கப் போட்டுக் கொண்டுவந்து இறக்கினார்கள். தார்ரோட்டிலும் ஓடும், கல்லிலும் காட்டிலும் ஓடும் உயரமான வண்டி. டூயல் ஸ்போர்ட் என்று இளவட்டங்கள் சொல்வார்கள். வேலூரில் யாரோ ஒரு பணக்காரப் பையன் ஆசைக்கு வாங்கி, சலித்துப்போய் விற்றது. வாங்கியவன் கோவிந்தன், ஜவ்வாது மலைக்காரன். சாமையும் புளியும் அவன் பிழைப்பு.

அவன் ஊர் ஒரு கிண்ணத்துக்குள் இருப்பதுபோல இருக்கும். வெளியே வர வேண்டுமென்றால் முதலில் கல் பாதையில் செங்குத்தாக ஒரு மேடு ஏற வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் இறங்கினால்தான் தார்ரோடு. ஆம்புலன்ஸ் தார்ரோட்டோடு நின்றுவிடும். ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் கோவிந்தன்தான் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே சேர்ப்பான். நோயாளியை நடுவில் உட்கார வைத்து, பின்னால் ஒரு ஆள் பிடித்துக்கொள்ள, மூன்று பேரையும் சேர்த்து ஒரு வேட்டியால் கட்டிவிடுவார்கள். அப்படி எத்தனையோ பிரசவம், எத்தனையோ காய்ச்சல். வண்டி இல்லாத காலத்தில் மூங்கிலில் துணி கட்டி, டோலியில் தூக்கி வந்தவர்கள் அவர்கள்.

"இன்னாப்பா ஆச்சு?" என்றேன்.

"அடியில கல்லு குத்திடுச்சு பாய். ஆயில் எல்லாம் ஊத்திப்போச்சு. எனக்குத் தெரியல. பின்னால ஒரு புள்ளத்தாச்சி இருந்துது, அப்படியே ஓட்டிட்டேன். ஆம்புலன்ஸ்ல ஏத்திட்டுத் திரும்பறேன், ஜாம் ஆயிடுச்சு."

"அந்தப் பொண்ணு?"

"நல்லா இருக்குது பாய். பொம்பளப் புள்ள."

என்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த மாடலே இப்போது வருவதில்லை. பெங்களூரு வரைக்கும் விசாரித்தேன், கேஸ் கிடைக்கவில்லை. வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு என்று சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வரவில்லை.

2. சேசிஸும் என்ஜினும்

வேறு என்ஜின் போடலாம் என்று முடிவு செய்தேன். ஊரெல்லாம் ஓடுகிற சாதாரண வண்டியின் நூற்றிருபத்தைந்து சிசி என்ஜின். சக்தி கொஞ்சம் குறைவு. ஆனால் ஸ்பேர் எந்தப் பெட்டிக்கடைக்குப் பக்கத்திலும் கிடைக்கும். விபத்தில் போன வண்டி ஒன்றிலிருந்து நல்ல என்ஜின் வாணியம்பாடியில் கிடைத்தது. ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ஜின் நம்பர் மாற்ற வேண்டிய பேப்பர் வேலையையும் முறையாகவே செய்யச் சொன்னேன். கோவிந்தன் அதற்கு மூன்று நாள் அலைந்தான்.

என்ஜின் மாற்றுவது என்றால் தூக்கி வைத்து நட்டு முடுக்குவது என்று நினைப்பவர்கள் உண்டு. ஒருத்தன் சட்டையை இன்னொருத்தனுக்குப் போட்டால் பட்டன் சேராது. சேசிஸில் என்ஜினைத் தாங்கும் பழைய மவுண்டிங் எதுவும் பொருந்தவில்லை. கனத்த தகட்டில் நாலு பிராக்கெட் வெட்டி வெல்டு வைத்தேன். செயின் நேராக வர என்ஜினை ஆறு மில்லி இடதுபக்கம் தள்ளினேன். மேடு ஏற இழுவை வேண்டும் என்று பின்சக்கரத்தில் செயின் சுற்றும் பல்சக்கரத்தை, ஸ்ப்ராக்கெட்டை, பெரிதாகப் போட்டேன். மறுபடி கல் குத்தக் கூடாது என்று அடியில் இரும்புத் தடுப்பு ஒன்று, கார்டு என்போம், வளைத்து மாட்டினேன். அந்த கார்டு என் கைவேலையிலேயே அழகானது. போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்று என் மனைவி சொல்வாள். கொஞ்சம் இல்லை, நிறையவே உண்டு.

3. வெள்ளிக்கிழமை அவசரம்

இனி சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள்.

பழைய என்ஜினில் முதல் கியருக்கு மட்டும் லீவரைக் கீழே மிதிக்க வேண்டும். அதற்கு மேல் இரண்டு, மூன்று எல்லாவற்றுக்கும் காலால் லீவரை மேலே தூக்க வேண்டும். நான் போட்ட என்ஜின் வேறு வகை. முதல் கியரும் மிதி, இரண்டும் மிதி, மூன்றும் மிதி. கியரைக் குறைக்கத்தான் தூக்க வேண்டும். அதாவது ஒன்றில் மிதித்தால் கியர் குறையும், மற்றதில் அதே மிதியில் கியர் கூடும்.

இதைச் சரிசெய்ய வழி இருந்தது. கியர் ஷாஃப்ட் காலுக்கு எட்டாத இடத்தில் இருந்ததால், கை மாதிரி ஒரு சின்ன இரும்புத் துண்டும், லிங்க் ராடு என்கிற இணைப்புக் கம்பியும் செய்துதான் லீவரோடு சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கையை மேல் நோக்கி மாட்டினால் என்ஜின் போக்கிலேயே கியர் விழும். கீழ் நோக்கி மாட்டினால் எல்லாம் தலைகீழாகி, முதல் கியர் தவிர மற்றவை பழையபடி தூக்கினால் ஏறும், மிதித்தால் குறையும். முதல் கியரை மட்டும் தூக்கிப் போட்டுப் பழகினால் போதும். அது வண்டி நிற்கும்போது போடுகிற கியர், தப்பினாலும் ஆபத்தில்லை.

கீழ் நோக்கி வைத்துப் பார்த்தேன். என் அழகான கார்டில் இடித்தது. கார்டை ஓர் ஓரம் வெட்டி, ராடை நீளமாக மறுபடி செய்ய வேண்டும். அரை நாள் வேலை. அன்றைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்குப் போகும் முன் ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்று பக்கத்துக் கடைக்காரர்களிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். அத்தனை பேரும் வந்து நின்றிருந்தார்கள். அந்த இரும்புக் கையை மேல் நோக்கியே மாட்டி முடுக்கினேன்.

இரண்டாவது உதையில் என்ஜின் பிடித்தது. கை தட்டினார்கள். நான் தொழுகைக்குப் போனேன்.

4. மல்லிகா சொன்னது

மறுநாள் காலை கோவிந்தனும் அவன் மனைவி மல்லிகாவும் வண்டி எடுக்க வந்தார்கள். ஒரு பை நிறைய புளி கொண்டுவந்து என் மேஜை மேல் வைத்தாள். கலகலவென்று பேசுகிற பெண். கோவிந்தன் வாயைத் திறக்க வேண்டியதையும் அவளே பேசிவிடுவாள்.

கியர் மாறியிருப்பதை அவனுக்குச் சொல்லிக் காட்டினேன். இருவரும் ஏறி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த் திரும்பினார்கள். வண்டி இரண்டு மூன்று தடவை குலுங்கியதைப் பார்த்தேன். இறங்கும்போதே மல்லிகா சிரித்தாள்.

"இன்னா பாய், தூக்கறதுக்கு மிதின்றீங்க, மிதிக்கறதுக்குத் தூக்குன்றீங்க. எங்க வூட்டுக்காரரு நாலு தடவ தப்பா போட்டாரு. நான் பின்னால உக்காந்து எண்ணினேன்."

"ஒரு வாரத்துல பழகிடும்மா."

"இவருக்கா? சாப்புடற தட்ட இடம் மாத்தி வச்சாலே பழைய எடத்துல கை வைப்பாரு. பழையபடியே பண்ணித் தர முடியாதா பாய்?"

முடியும். அரை நாளில் முடியும். அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது.

"அது என்ஜின் வாகும்மா, மாத்த முடியாது" என்றேன்.

நான் சொன்ன பொய் அது ஒன்றுதான். கோவிந்தன் அவள் தோளில் தட்டி, "பாய் சொன்னா சரியா இருக்கும், ஏறு" என்றான். போனார்கள்.

5. சாமை அறுப்பு

மூன்று வாரம் கழித்து மல்லிகாவின் தம்பி கடைக்கு வந்தான். காலில் சைலன்சர் சுட்ட புண்ணுக்குத் துணி சுற்றியிருந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா செத்துட்டாங்க பாய். சாமை அறுத்துக்கினு இருக்கும்போது விரியன் கடிச்சிடுச்சு. உடனே மாமா வண்டிய எடுத்தாரு. அக்காவ நடுவுல வச்சு, நான் பின்னால உக்காந்து, வேட்டியில கட்டிக்கினோம். நல்லாத்தான் வந்தாரு. மேட்டுல பாதி ஏறிட்டோம். வண்டி முக்குது, முதல் கியருக்குப் போணும். மாமா மிதிச்சிட்டாரு."

அதற்கு மேல் அவன் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது கியரில் ஏறிய வண்டி மூன்றாவதுக்குப் போயிருக்கும். செங்குத்தில், மூன்று பேர் பாரத்தில், அந்தக் கணமே அணைந்திருக்கும்.

"பின்னாலயே உருண்டுடுச்சு. கட்டியிருந்தமா, மூணு பேரும் ஒண்ணா வுழுந்தோம். பெரிய அடி இல்ல. எழுந்து வண்டிய நிமித்தினா, கியரு ராடு வளைஞ்சு மாட்டிக்கிச்சு. மூணுலயே நிக்குது. ஏறவே இல்ல. கத்தி ஆளுங்களக் கூப்ட்டு, டோலி கட்டித் தூக்கிட்டு வந்தோம். கால் மணியில போக வேண்டியது, ரெண்டு மணி ஆயிடுச்சு. ஆம்புலன்ஸ்ல போவும்போதே பேச்சு நின்னுடுச்சு."

கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றேன். வளைந்தது நான் செய்த ராடு. மாட்டிக்கொண்டது நான் முடுக்கிய கை. பாம்பு கடித்ததற்கு நான் என்ன செய்வேன் என்று அன்றிரவு என் மனைவி எனக்காகப் பேசினாள். வீட்டில் இருக்கிறவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். எனக்கு அவள் பேச்சு சமாதானமாகவில்லை, இன்றுவரைக்கும் ஆகவில்லை.

காரியத்துக்கு மலைக்குப் போனேன். கோவிந்தன் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொன்னீங்க பாய், நான்தான் தப்பா மிதிச்சேன்" என்றான். அவனிடம் உண்மையைச் சொல்ல வந்தவன், கூட்டத்துக்கு நடுவில் சொல்லாமல், டீயைக் குடித்துவிட்டுத் திரும்பினேன். கோழை என்று என்னைத் திட்டிக்கொள்ள ஆலங்காயம் வரைக்கும் நேரம் இருந்தது.

அவன் வண்டி ஓட்டுவதை விட்டுவிடுவான் என்று நினைத்தேன். வளைந்த ராடை அவனே சுத்தியலால் நிமிர்த்தி மாட்டிக்கொண்டு, காரியம் முடிந்த பத்தாம் நாள் யாரோ ஒரு குழந்தையை இறக்கிக் கொண்டுவந்தான் என்று கேள்விப்பட்டேன். ஊருக்கு வேறு வண்டி இல்லை.

6. வெட்டிய கார்டு

நான் சும்மா இருக்கவில்லை. கீழ் நோக்கி மாட்டுவதற்குப் புதிதாக ஒரு இரும்புக் கை செய்தேன். நீளமான ராடு, இரண்டு முனையிலும் எந்தப் பக்கமும் திரும்பிக்கொடுக்கும் நல்ல பால் ஜாயிண்ட். இந்தத் தடவை வளையாத கம்பி. அளவு எனக்கு மனப்பாடம். அதே அளவில் ஓரம் வெட்டிய புது கார்டும் செய்து, அவன் வருவதற்காக வைத்திருந்தேன். அவன் வந்தபோது மாசி ஆகிவிட்டது. செயின் தளர்ந்திருக்கிறது என்று வந்தான்.

அன்றைக்குக் கடையில் வேறு யாரும் இல்லை. செயினைத் தொடும் முன் அவனை ஸ்டூலில் உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கார்டில் இடித்தது, வெள்ளிக்கிழமை, கை தட்டியவர்கள், மல்லிகா கேட்டது, முடியாது என்று நான் சொன்னது. ஒன்றையும் விடவில்லை.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அவ கேட்டா இல்ல?" என்றான்.

"கேட்டுச்சுப்பா."

"அவ கேட்டான்றதே எனக்கு மறந்துபோச்சு பாய்."

புதுக் கையை அவன் முன்னால் வைத்தேன். "ஒரு மணி நேரம் குடு கோவிந்தா. பழையபடி ஆக்கிடறேன். காசெல்லாம் பேசாத" என்றேன்.

அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என் கையிலேயே கொடுத்தான்.

"வேணாம் பாய். இப்பக் கால் இதுக்குப் பழகிடுச்சு. தூக்கத்துல கூட சரியாப் போடறேன். மறுபடி மாத்தினா, மறுபடி ஒரு நாள் தப்பா மிதிப்பேன். அன்னிக்குப் பின்னால யாரு வூட்டுப் பொண்ணு உக்காந்திருக்குமோ."

செயினை இழுத்து வைத்தேன். நல்லபடி போய்ட்டு வா என்றேன், அவன் வர்றேன் பாய் என்றான். மிதித்து முதல் கியர் போட்டான். தெருமுனை மேட்டில் மிதித்து இரண்டு, திருப்பத்தில் வேகம் குறைந்தபோது தூக்கி மறுபடி முதல் கியர். ஒரு தடவைகூடக் கீழே பார்க்கவில்லை, வண்டி ஒரு குலுக்கல் குலுங்கவில்லை.

வேலை கற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வெல்டிங் நிற்கும், ஸ்ப்ராக்கெட் இழுக்கும், அதெல்லாம் கை செய்துவிடும். ஓட்டுகிறவன் கால் பயத்தில் எங்கே போகும் என்று பார்த்து வேலை செய்யுங்கள். பின்னால் உட்கார்ந்து வருகிறவர் குறை சொன்னால், சிரித்துக்கொண்டே சொன்னாலும், ஸ்பேனரை மறுபடி எடுங்கள்.

கடைச் சாமான்களையெல்லாம் விற்றபோது அந்த இரும்புக் கையையும் ராடையும் மட்டும் விற்கவில்லை. இன்னும் புதுசாகவே இருக்கின்றன. வேறு எந்த வண்டிக்கும் அவை பொருந்தாது.