தாய்மாமனை விழுங்கிய ஸிப் ஃபைல்

ஒரு போன் என்ன செய்ய வேண்டும்? தட்டினால் திறக்க வேண்டும். இதைக் கேட்பது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்!

முந்தாநாள் சுங்கை பினாங்கில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். என் மகள் ஷெரினின் கல்யாண அழைப்பிதழ் மெயிலில் வந்து இறங்கியது — ஸிப் ஃபைலாக. தட்டினேன். 'இதைத் திறக்க ஆப் இல்லை' என்றது போன். இன்னொரு தட்டு. அதே பதில்.

என் போன் ஆண்ட்ராய்டும் இல்லை, ஐபோனும் இல்லை; லினக்ஸ் போன். மனைவி ரெஜினாவின் தம்பி அருள் கொடுத்தது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் என்ஜினியர். "இது உங்கள வேவு பாக்காது அத்தான்" என்று சொல்லித்தான் கையில் திணித்தான். உண்மைதான். வேவு என்ன, அது என்னை மதித்துக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த அழைப்பிதழுக்கு ஒரு முன்கதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை முதல் டிசைன் இதே மாதிரி ஸிப்பாக வந்தபோது அருள்தான் அதை என் போனில் பிரித்துக் கொடுத்தான். பிரித்தவன் படித்தான். தாய்மாமன் பெயரைக் காணோம். அதாவது, அவன் பெயரே இல்லை!

"அப்ப நான் யாரு இந்த வீட்டுக்கு?" என்று கேட்டுவிட்டு, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்து எழுந்து போய்விட்டான். ரெஜினா என் பக்கம் திரும்பினாள். "என் தம்பி பேரு இல்லாத கார்டு ஒன்னுகூட வாசல் தாண்டாது, சொல்லிட்டேன்."

டிசைனர் திருத்தி அனுப்பியதுதான் இந்த ஸிப்.

அச்சகக்காரருக்குப் போன் அடித்தேன். "ஸிப் வேணாம் அண்ணே. ஒரு தடவ வைரஸ் வந்து கம்ப்யூட்டரே படுத்துருச்சு. பிடிஎஃப் அனுப்புங்க. லஞ்சுக்கு முன்ன வந்தா இன்னிக்கே அடிச்சுருவேன்."

வேறு வழி? அருளையே கூப்பிட்டேன்.

"டெர்மினல தொறங்க அத்தான்."

திறந்தேன். கறுப்புத் திரை. நடுவில் ஒரு கோடு மட்டும் கண் சிமிட்டியது... என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. அவன் சொன்னபடி 'அன்ஸிப்' என்று அடித்து, இடம் விட்டு, ஃபைல் பெயரை அடித்தேன். 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்றது. இப்போதுதானே வந்து இறங்கியது!

"டவுன்லோட்ஸ்குள்ள போனீங்களா?"

"நான் எங்கயும் போகலடா, கோப்பிக் கடையிலதான் இருக்கேன்!"

"அய்யோ... சிடின்னு ரெண்டு எழுத்து அடிச்சு, இடம் விட்டு டவுன்லோட்ஸ்னு அடிங்க லா! அப்புறம் மறுபடி அன்ஸிப்!"

அடித்தேன். இந்த முறை அசைந்தது. அசைந்த கையோடு ஒரு கேள்வி: 'ஃபைனல் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. மாற்றவா?' ஆமா, இல்லை, எல்லாம், எதுவும் வேண்டாம், வேறு பெயர் — கீழே இத்தனை பதில்கள். பரீட்சையா எழுத வந்தேன்?

"அருளு! என்னமோ மாத்தவான்னு கேக்குதுடா!"

"மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்க அத்தான். புரியாததுக்கெல்லாம் 'நோ' போடுங்க. நோ போட்டா எதுவும் கெடாது. சேஃப் லா!"

போட்டேன். திறந்தேன். பொன் எழுத்தில் 'ஷெரின்'. அப்பன் கண் அதற்கு மேல் எங்கே போகும்? அனுப்பிவிட்டேன்.

மறுநாள் பெட்டி வந்தது. ரெஜினா ஓர் அழைப்பிதழை எடுத்துப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் அந்தப் பார்வையைப் பார்த்ததில்லை.

பழைய டிசைன்! எதை அனுப்பினாலும் 'ஃபைனல்' என்றே பெயர் வைக்கும் டிசைனர். 'நோ' போட்டு, புதியதை உள்ளே விடாமல் பழையதைக் காப்பாற்றிய நான்.

எனக்கு ஒன்றுதான் ஆத்திரம். மாற்றவா என்று கேட்கத் தெரிந்த போனுக்கு, 'இருப்பது பழசு, வந்திருப்பது புதுசு' என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதா? தாய்மாமன் என்றால் யார் என்றே தெரியாத ஒரு பொருளைத் தமிழன் கையில் கொடுக்கலாமா? இந்த இயந்திரங்கள் நம்மைக் கேட்டுச் செய்வது மரியாதைக்காக இல்லை ஐயா... நாளைக்குப் பழியை நம் தலையில் கட்டத்தான்!

அன்று மாலையே அருள் வந்து குதித்தான். "வேணும்னேதானே செஞ்சீங்க?"

"நோ போடச் சொன்னது யாருடா?"

ரெஜினா தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான். அவள் பொன் மைப் பேனா ஒன்றை அவன் முன்னால் வைத்தாள். "உக்காரு. எழுது."

இதை நான் எழுதும்போது, அவன் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வோர் அழைப்பிதழிலும் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டிருக்கிறான். பாவமாக இருந்தது. "இன்னொரு கோப்பி போடவா?" என்று கேட்டேன்.

'நோ' என்று வாயால் சொல்லப் பயந்து, தலையை மட்டும் ஆட்டினான்.